கொடுமணல் பானை ஓடுகளில் ஆட்பெயரும் குறியீடும்: பழந்தமிழர் வெளிப்பாட்டு முறை

ஆய்வுச் சுருக்கம்

பானை ஓட்டுக் கீறல்களை வடிவம் கொண்டு மட்டும் ஆராயும் போக்கு இன்று மேலோங்கியுள்ளது. கீறலை இட்டவர் யார், எந்நிலையில் இட்டார் என்னும் வினாக்களையும் சேர்த்து நோக்கினால்தான் அது மனித வெளிப்பாடாகப் புலப்படும் என்பதைக் கொங்குநாட்டுச் சான்றுகள்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொடுமணல், தமிழி, குறியீடு, ஆட்பெயர், புகலூர்

முன்னுரை

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025இல் வெளியிட்ட ஒப்பாய்வு, 140 இடங்களில் கிடைத்த குறியீடுகளைத் தொகுத்து, அவற்றுள் ஏறத்தாழ 60 விழுக்காடு சிந்துவெளிக் குறியீடுகளோடு ஒத்திருப்பதாகக் கூறியது. இவ்வொப்புமை, எழுத்தின் தோற்றம் பற்றிய விவாதத்தை வளர்த்துள்ளது. எனினும், கீறியவரின் நோக்கம் தனித்து ஆராயத்தக்கது.

கீறலின் நிலை

ஈரக் களிமண்ணில் இட்ட கோடு வழவழப்பாக அமையும். அதன் இருமருங்கும் மண் சற்றே மேலெழுந்திருக்கும். சுட்டபின் கீறிய கோட்டின் விளிம்புகள் சிதைந்து காணப்படும். முன்னது குயவரின் கைவேலையாதல் வேண்டும்; பின்னது பெரும்பாலும் பானையைப் பயன்படுத்தியவருடையதாகலாம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் அமைந்த கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் அகழாய்வைத் தொடங்கியது. இதுவரை அங்குக் கிடைத்துள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழி எழுத்துப் பொறிப்பு ஓடுகளில் பெரும்பாலானவை சுட்டபின் கீறப்பட்டவை. எனவே எழுதும் பழக்கம் கலங்களைப் பயன்படுத்தியோரிடமும் பரவியிருந்தது எனக் கருத இடமுண்டு.

பெயரும் குறியீடும்

இவ்வோடுகளில் மிகுதியும் காணப்படுவன ஆட்பெயர்கள். ‘கண்ணன் ஆதன்’ போன்ற தமிழ்ப் பெயர்களோடு, ‘சம்பன் சுமணன்’ போன்ற பாகதச் சாயலுடைய பெயர்களும் உள்ளன. மணிக்கல் தொழிலும் இரும்புத் தொழிலும் சிறந்திருந்த இவ்வூரில் பன்மொழியாளர் கலந்து வாழ்ந்தனர் என்பதற்கு இது சான்றாகும். சில ஓடுகளில் எழுத்தை அடுத்துக் குறியீடும் இடம்பெறுகிறது. எழுத்து வந்தவுடன் குறியீடு வழக்கொழியவில்லை; இரண்டும் ஒரே கலத்தில் இணைந்து வழங்கின.

கல்லும் ஓடும்

நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூருக்கு எதிரே, காவிரியின் தென்கரையில் உள்ளது புகலூர் ஆறுநாட்டார்மலை. அங்குள்ள கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையினரைச் சுட்டி, சமணத் துறவி செங்காயபனுக்கு அளித்த உறைவிடத்தைப் பதிவுசெய்கிறது. கல்லில் அரசமரபும் கொடையும் பேசப்படுகின்றன. ஓட்டில் பெயர் மட்டுமே நிற்கிறது. ஆயினும், ‘ஆதன்’ என்னும் பெயர் அரசனுக்கும் கலமுடையவனுக்கும் பொதுவாக வழங்கியுள்ளது. கொடை நல்காதவனும் தன் பெயரை எழுத்தில் நிறுத்த ஓடு இடமளித்தது.

முடிவுரை

குறியீட்டின் வடிவத்தோடு, அது சுடுமுன் இடப்பட்டதா, சுட்டபின் இடப்பட்டதா, கலத்தின் எப்பகுதியில் உள்ளது, எழுத்துடன் வருகிறதா, எம்மண்ணடுக்கில் கிடைத்தது என்பனவும் பதிவுசெய்யப்பட வேண்டும். எருமப்பட்டி உள்ளிட்ட கொல்லிமலை அடிவாரச் சமவெளியில் இனி மேற்கொள்ளப்படும் கள ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். உழவின்போது மேலெழும் ஓடு தன் மண்ணடுக்கை ஏற்கெனவே இழந்தது. எஞ்சிய விவரங்களையும் பதியாமல் விட்டால், வடிவம் எஞ்சும். வரைந்த மனிதர் மறைந்துவிடுவார்.