கெனோஷாவின் ஈட்டி

1971ஆம் ஆண்டு ஜாவலின் காரின் முன்னால் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது அதன் மட்கார்டுகள்தான். முன்சக்கரங்களுக்கு மேலே தகடு திரண்டு எழுந்து வளைகிறது, பாயத் தயாரான காளையின் தோள் மாதிரி. பந்தயத்துக்கான அகல டயர்கள் உள்ளே அடங்க வேண்டுமே என்று எழுப்பிய புடைப்பு அது. மிகையான வடிவம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காரில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

நீண்ட பானெட், குட்டையான பின்பக்கம், இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை என்று 1964இல் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. மஸ்டாங் என்றால் காட்டுக்குதிரை. அதிலிருந்து அந்த வகைக்கே 'போனி கார்' என்ற பெயர் வந்தது. கமாரோவும் ஃபயர்பேர்டும் பின்னாலேயே வந்தன. பழைய கார் பிரியர்கள் இன்றும் தேடிப்போவது இவற்றைத்தான். விஸ்கான்சின் மாநிலத்துக் கெனோஷா நகரில் அமெரிக்கன் மோட்டார்ஸ் தயாரித்த ஜாவலினை, அதாவது ஈட்டியை, கேட்பவர்கள் குறைவு.

நாஷ், ஹட்சன் என்ற இரண்டு கார் நிறுவனங்கள் 1954இல் இணைந்து உருவானது அமெரிக்கன் மோட்டார்ஸ். சிக்கனமான குடும்பக் கார்களுக்குப் பேர்போனது; டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களுக்கு இருந்த பணபலம் அதற்கு இல்லை. ஆனால் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் டீக் இருந்தார். சிறுவயதில் கார் விபத்தொன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். அவர் தலைமையில் உருவான 1968 ஜாவலினின் பக்கவாட்டுக் கோட்டைப் பாருங்கள்: ஒட்டுவேலை எதுவும் இல்லை, கதவுக் கைப்பிடிகூட தகட்டோடு தகடாகப் பதிந்திருக்கும். பின்சீட்டில் மஸ்டாங்கைவிட இடம் அதிகம். அப்படியும் முதல் ஆண்டில் தயாரானவை சுமார் 55,000. மஸ்டாங் அதே ஆண்டு மூன்று லட்சத்தைத் தாண்டியது.

குடும்பக் கார் நிறுவனம் என்ற அந்தப் பெயரை மாற்றத்தான் அது டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத் தொடரில் இறங்கியது. கமாரோவில் வென்றுகொண்டிருந்த ரோஜர் பென்ஸ்கேயின் அணியும் ஓட்டுநர் மார்க் டானஹியூவும் 1970இல் ஜாவலினுக்கு வந்தார்கள். டானஹியூ வடிவமைத்த பின்பக்க ஸ்பாய்லரைப் பந்தயத்தில் பயன்படுத்த வேண்டுமானால், அது பொருத்திய கார்களைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும் என்பது விதி. அதற்காகவே சுமார் 2,500 கார்கள் அவர் கையெழுத்தோடு வெளிவந்தன. 1971இல் பட்டம் ஜாவலினுக்கு; அடுத்த ஆண்டு ஜார்ஜ் ஃபோல்மர் ஓட்டியபோதும் அதற்கே. 1971இல் ஃபோர்டு விலகிக்கொண்டதால் வந்த வெற்றி என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். ஃபோர்டு முழு பலத்தோடு நின்ற 1970லேயே ஜாவலின் மூன்று பந்தயங்களை வென்றிருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அலபாமா நெடுஞ்சாலைப் போலீஸ் 1971லும் 1972லும் இந்தக் கார்களை 6.6 லிட்டர் வி8 எஞ்சினோடு வாங்கி ரோந்துக்கு விட்டது. அதே காலத்தில் பாரிஸின் பியர் கார்டின் வரைந்த கோடுபோட்ட சீட்டுகளோடும் ஜாவலின் விற்பனைக்கு வந்தது. துரத்தும் போலீசுக்கும் உடையலங்காரக் கலைஞருக்கும் ஒரே கார்!

1974உடன் உற்பத்தி நின்றது. 1987இல் நிறுவனத்தையே கிரைஸ்லர் வாங்கிக்கொண்டது. பழைய மஸ்டாங் வைத்திருப்பவருக்கு முழு பாடியே புதிதாகச் செய்து கிடைக்கிறது. ஜாவலின்காரர் பழைய இரும்புக் கிடங்குகளில் அலைகிறார், இன்னொரு ஜாவலின்காரரைத் தேடிப் பேசுகிறார். துருப்பிடிக்காத புடைத்த மட்கார்டு ஒன்று எங்கோ இருப்பதாகத் தெரிந்தால், மாநிலம் தாண்டியும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.