கண்ணல்ல, கையே!

“குறி தவறாமற் சுடுவதற்குக் கூரிய கண் இருந்தாற் போதுமல்லவா, ஐயா?” எனக் கொத்மலை மாணவன் ஒருவன் என்னிடம் வினவினான்.

போதாது. காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் இலக்கு 10 மீற்றர் தொலைவில் உள்ளது. அதன் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றரே. ஒரு கையாற் பிடித்து, 75 நிமிடங்களில் 60 முறை சுடுதல் வேண்டும். எவருடைய கையும் சற்றேனும் அசையும். அதற்கு அஞ்சி விசையை வெடுக்கென இழுப்பவன் தவறுகிறான். குழாய் நுனியிலுள்ள முன்குறியைத் தெளிவாகவும் இலக்கை மங்கலாகவும் கண்டு, விசையை மெல்ல அழுத்துபவன் வெல்கிறான். மனம் கலங்கினாற் கையைத் தாழ்த்தி மீண்டும் தொடங்குதல் இழுக்கன்று.

குண்டிலும் இச்சீர்மை வேண்டும். 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டுகளில் நசுங்கியவற்றை விலக்குவர். வெளிநாட்டுப் போட்டியாளர் சிலர், வெற்றுத் தோட்டாக் கூடுகளை அழுத்துபொறியின் துணையுடன் மீள நிரப்புவதுண்டு. அப்போது வெடிமருந்தை நுண்தராசில் நிறுத்தே இடுவர். அளவு மிஞ்சினால் துப்பாக்கியே வெடிக்கலாம். வீட்டிற் செய்து பார்க்கும் வேலையன்று அது. நம் நாட்டில் 1916ஆம் ஆண்டிலிருந்தே துப்பாக்கிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. பயில விரும்புவோர் அனுமதி பெற்ற கழகத்தையே நாடுக.

ஹங்கேரிய வீரர் காரொலி தக்காச்சின் வலக்கை, 1938இல் எறிகுண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் இடக்கையைப் பழக்கி, 25 மீற்றர் விரைவுச் சுடுதலில் 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கண்கள் பழையனவே, புதிதாகப் பழகியது கை.

தம்பி, கொழுந்தெடுக்கும் உன் தாயின் விரல்களும் பழக்கத்தாலன்றோ அத்திறன் பெற்றன?