வீடற்ற குடும்பங்களின் குழந்தைகளுக்கான திட்டங்கள் (ஐக்கிய அமெரிக்கா)

வீடற்ற குடும்பங்களின் குழந்தைகளுக்கான திட்டங்கள் என்பன, ஐக்கிய அமெரிக்காவில் வீடிழந்து அவசரத் தங்குமிடங்களில் வாழும் குடும்பங்களின் குழந்தைகளுக்கும் இளையோருக்கும் வழங்கப்படும் பராமரிப்பு, கல்வி, விளையாட்டுச் சேவைகள் ஆகும். நடுவண் அரசு, மாநில அரசுகள், பள்ளி மாவட்டங்கள், தன்னார்வ அமைப்புகள் ஆகியன இவற்றை நடத்துகின்றன.

தேவை

பல தங்குமிடங்களில் பெற்றோர் தம் குழந்தையை எந்நேரமும் தம் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எனவே குழந்தைப் பராமரிப்பு வசதி இல்லாத தாய் வேலை தேடவோ, வாடகை வீடு பார்க்கவோ செல்வது கடினம். மறுபுறம், அரசின் பராமரிப்பு உதவித்தொகை பொதுவாக வேலையிலோ பயிற்சியிலோ உள்ள பெற்றோருக்கே வழங்கப்படுகிறது. அதாவது, வேலை இன்றிப் பராமரிப்பு இல்லை. பராமரிப்பு இன்றி வேலை இல்லை. நிலையான முகவரியும் சான்றிதழ்களும் இல்லாமை பள்ளிச் சேர்க்கைக்கும் தடையாக இருந்தது. இத்தடைகளை அகற்றுவதே இத்திட்டங்களின் அடிப்படை நோக்கம் எனலாம்.

பள்ளிக் கல்வி

1987 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மக்கின்னி சட்டம் இத்துறையில் முதன்மையானது. இது 2000 ஆம் ஆண்டு முதல் மக்கின்னி-வென்டோ சட்டம் என அழைக்கப்படுகிறது. பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களுடன் இச்சட்டம் பின்வருவனவற்றை உறுதி செய்கிறது:

* முகவரிச் சான்று, தடுப்பூசிப் பதிவு முதலியன இல்லாவிடினும் மாணவரை உடனே பள்ளியில் சேர்க்க வேண்டும்.
* மாணவரின் நலனுக்கு உகந்ததாயின், வீடிழக்கும் முன் படித்த பள்ளியிலேயே அவர் தொடரலாம். இதற்கான போக்குவரத்து வசதியும் தரப்பட வேண்டும்.
* ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் இதற்கென ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும்.
* சேர்க்கை குறித்துப் பிணக்கு எழுந்தால், அது தீரும்வரை மாணவர் பள்ளியில் இருக்கலாம்.

மழலையர் பராமரிப்பு

1965 இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டம் வறிய குடும்பங்களின் மழலையருக்கானது. 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீடற்ற குழந்தைகள் வருமானச் சான்று இன்றியே இதற்குத் தகுதி பெறுகின்றனர். 2014 இல் திருத்தப்பட்ட குழந்தைப் பராமரிப்பு நிதியுதவிச் சட்டம், ஆவணங்களைப் பெற்றோர் பின்னர் ஒப்படைக்கும் வகையில் குழந்தையை முதலில் சேர்த்துக்கொள்ள வழி செய்கிறது.

தங்குமிடங்களின் கடமை

பதின்ம வயதுச் சிறுவர்களைச் சில தங்குமிடங்கள் ஏற்க மறுத்ததால் குடும்பங்கள் பிரிய நேர்ந்தது. 2009 ஆம் ஆண்டின் ஹார்த் சட்டம், நடுவண் நிதி பெறும் குடும்பத் தங்குமிடங்கள் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் வயதைக் காரணம் காட்டிக் குடும்பத்துக்கு இடம் மறுப்பதைத் தடை செய்தது.

தன்னார்வ அமைப்புகள்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1988 இல் தோன்றிய 'ஹொரைசன்ஸ் ஃபார் ஹோம்லெஸ் சில்ட்ரன்' அமைப்பு, தங்குமிடங்களுக்குள்ளேயே விளையாட்டு அறைகளை அமைத்துத் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்துகிறது. பாஸ்டனில் மழலையர் கல்வியும் வழங்குகிறது. குழந்தை விளையாடும் அந்நேரம் பெற்றோருக்கு அலுவல்களைக் கவனிக்கும் நேரமாகவும் அமைகிறது.

குறைபாடுகள்

மேற்கூறிய சட்டங்கள் தகுதியையும் முன்னுரிமையையும் அளித்தாலும், இடம் கிடைக்கும் என உறுதி அளிப்பதில்லை. எனவே தகுதியுள்ள மழலையர் பலரும் காத்திருக்க நேரிடுகிறது. மேலும் 'வீடற்றோர்' என்பதன் வரையறை துறைக்குத் துறை வேறுபடுகிறது. வசதியின்மையால் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் குழந்தையைக் கல்வித்துறை வீடற்றவராகக் கருதுகிறது. வீட்டுவசதித் துறையின் வரையறை இதனினும் குறுகியது. இதனால் பள்ளியில் உதவி பெறும் குழந்தையின் குடும்பம், வீட்டுவசதி உதவிக்குத் தகுதி பெறாமல் போவதும் உண்டு.