வேர் வளர்ச்சியில் அமினோ அமிலங்கள்

இலையையும் மலரையும் வியந்து பேசும் நாம் வேரைப் பற்றிப் பேசுவது அரிது. ஆயினும் எல்லாம் வல்ல இறைவன் தாவரத்துக்கு அளித்த நுண்ணுணர்வின் பெரும்பகுதி வேர்நுனியில்தான் அமைந்துள்ளது. அந்நுனியின் மீது அமினோ அமிலங்கள் செலுத்தும் ஆட்சியை இங்குக் காண்போம்.

தாவரம் தழைச்சத்தை நைட்ரேட்டாகவும் அம்மோனியமாகவுமே மண்ணிலிருந்து ஏற்கிறது என்று பள்ளியில் படித்தோம். அது பிழையன்று, முழுமையும் அன்று. எருவிலும் மட்கிய இலையிலும் உள்ள புரதங்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அமினோ அமிலங்கள் தோன்றுகின்றன. 1998இல் வெளிவந்த சுவீடன் நாட்டுக் காட்டாய்வு ஒன்றில், கனத்த அணுக்களால் அடையாளமிட்ட கிளைசின் என்னும் அமினோ அமிலம் மண்ணில் இடப்பட்டது. அங்குள்ள மரங்களும் புல்லும் அதனைப் பெருமளவு சிதையாத நிலையிலேயே உறிஞ்சியிருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் தம் வேளாண் நூலில் எருக்களைப் பற்றித் தனியே எழுதியதன் அருமை நமக்கு இப்போது கூடுதலாக விளங்குகிறது.

எனினும் அமினோ அமிலம் வேருக்கு உணவு மட்டுமன்று. டிரிப்டோபேன் என்பது தாவரத்தினுள் இரண்டே படிகளில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியாக மாறுகிறது. பக்கவேர்கள் அரும்புவதற்கு ஆக்சின் இன்றியமையாதது. அளவு மிகுந்தால் அதுவே வேர் நீள்வதைத் தடுக்கும். தண்டுத் துண்டுகளை நடுவோர் தோய்க்கும் வேரூக்கிப் பொடியும் இவ்வினத்ததே. மெத்தியோனினிலிருந்து எத்திலீன் வாயு பிறக்கிறது. அது வேரின் நீட்சியைக் குறைத்து வேர்த்தூவிகளைப் பெருக்கும்.

எல்லாவற்றிலும் வியப்புக்குரியது குளுட்டமிக் அமிலம். நம் சமையலறைக்குள் அஜினோமோட்டோ என்று நுழைந்தது இதன் சோடியம் உப்புதான். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் வேர்நுனியில் இதனை இட்டு ஆராய்ந்தனர். லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் என்னும் சிற்றளவிலேயே ஆணிவேரின் ஓட்டம் தளர்ந்தது. நுனிக்குப் பின்னே பக்கவேர்கள் மிகுந்தன. வேரின் பிற பகுதிகளில் இட்டபோது இவ்விளைவு இல்லை. இதன் கண்ணாடிப் பிம்பம் போன்ற மாற்று வடிவத்தை நுனியிலேயே இட்டும் பயனில்லை. வெறும் உணவாயின் இத்துணை நுட்பமான வேறுபாடு ஏன்? மட்கு செறிந்த இடத்தை அடைந்த வேர், மேலும் கீழே ஓடாது அங்கேயே கிளைக்க இஃது ஓர் அறிவிப்பாகலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஆகவே, அமினோ அமிலம் என்றாலே வேர் பெருகும் என்று எண்ணிவிடலாகாது. லைசினும் திரியோனினும் சேர்ந்து மிகுந்தால், செடி தனக்கு வேண்டிய மெத்தியோனினை ஆக்கிக்கொள்ள இயலாமல் நாற்று குன்றிவிடும். சிறிது மெத்தியோனின் சேர்த்தால் மீண்டும் தழைக்கும். ஒன்றின் மிகுதி மற்றொன்றின் பஞ்சமாகிறது!

இன்று தமிழக உழவர் பலர் மீனையும் வெல்லத்தையும் சம எடையில் சேர்த்து நொதிக்கச் செய்த மீன் அமிலத்தைப் பயிருக்கு அளிக்கின்றனர். கடைகளில் புட்டிகளும் விற்பனையாகின்றன. 2021இல் நடுவண் அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் அமினோ அமிலங்களை உயிர்த்தூண்டிகளுள் ஒருவகையாகச் சேர்த்தது. புட்டியில் எந்த அமிலம், எவ்வளவு என்று பார்த்தே வாங்க வேண்டும். மீன் அமிலத்தையும் நன்கு நீர்த்து, முதலில் ஒரு தட்டு நாற்றுக்கு மட்டும் ஊற்றி, மறுதட்டுக்கு வெறுநீர் ஊற்றி, பத்து நாள் கழித்து இரண்டையும் பிடுங்கி வேரைக் கழுவி ஒப்பிட்ட பின்னரே வயலுக்குக் கொண்டு செல்லலாம்.