நிரந்தர வேலையா, நெஞ்சுக்குப் பிடித்த வேலையா?

"அண்ணை, தொழிற்சாலை வேலையை விடப்போறன். இனி முழுநேரமும் கமராதான்."

சென்ற மாரியில் ஒரு ஞாயிறு மாலை, எமக்குத் தெரிந்த தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்து இப்படிச் சொன்னார். ரொறன்ரோவில் ஐந்து வருடங்களாக நிரந்தர வேலையில் இருப்பவர். வார இறுதிகளில் கல்யாண வீடுகளிலும் சாமத்தியச் சடங்குகளிலும் அவர் எடுக்கும் படங்களை எல்லோரும் மெச்சுவார்கள். கூட வந்த மனைவி அதுவரை பேசாமல் இருந்தவர், ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "அப்ப மாமியைக் கூப்பிடுற அலுவல் என்னமாதிரி?"

தம்பியிடம் பதில் இல்லை.

ஊரில் கவிதை எழுதியவர்களும், மிருதங்கம் வாசித்தவர்களும், நாடகம் போட்டவர்களும் இங்கே வந்து கோப்பை கழுவுகிறோம், பெட்டி அடுக்குகிறோம். பிடித்ததைச் செய்ய வேண்டும் என்ற ஆசை பிழையானதல்ல. ஆனால் எமது சம்பளம் எமக்கு மட்டும் உரியதல்லவே!

மூன்று கலைஞர்கள்

ரஷ்யரான வசிலி கன்டின்ஸ்கி சட்டமும் பொருளியலும் கற்றவர். 1896இல், முப்பதாவது வயதில், தேடி வந்த பல்கலைக்கழகப் பதவியை மறுத்துவிட்டு ஓவியம் கற்க ஜேர்மனியின் மியூனிச் நகருக்குப் போனார். பின்னர் அரூப ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரானார். மேடைகளில் இவ்வளவும் சொல்வார்கள். அவரது தந்தை வசதியான தேயிலை வணிகர் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஹென்றி ரூஸோவுக்கு அந்த வசதி இருக்கவில்லை. பாரிஸ் நகருக்குள் வரும் பொருட்களுக்கு வரி அறவிடும் சிற்றூழியர் அவர். ஓய்வு நேரத்தில் தானாகவே வரையப் பழகி, 1886 முதல் கண்காட்சிகளில் படங்களை வைத்தார். பலர் பார்த்துச் சிரித்தார்கள். 1893இல், 49ஆவது வயதில், சிறிய ஓய்வூதியத்துடன் வேலையை விட்டார். அது போதாமல் வயலின் சொல்லிக் கொடுத்தார். அவரது புகழ்பெற்ற காட்டுக் காட்சி ஓவியங்களில் பெரும்பாலானவை அதன் பின்னர் வந்தவையே. ஆயினும் 1910இல் வறுமையிலேயே இறந்தார்.

எம்மவர் ஒருவரையும் பாருங்கள். 1993இல் பிரான்ஸ் சென்ற ஷோபாசக்தி, உணவகத்தில் கோப்பை கழுவியும் சுப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கியும் எழுதினார். 2001இல் 'கொரில்லா' நாவல் வெளிவந்தது. அவர் முதன்மைப் பாத்திரத்தில் நடித்த 'தீபன்' திரைப்படம் 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது.

விடுவதற்கு முன்

கனடாவில் இருப்போர் சில விடயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தகுந்த காரணமின்றி நாமாகவே வேலையை விட்டால், வேலையிழப்புக் காப்புறுதிப் பணம் கிடைக்காது. சுயதொழில் செய்பவர், கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு ஊழியர் பங்கையும் முதலாளி பங்கையும் தானே கட்ட வேண்டும். வருமான வரியை யாரும் சம்பளத்தில் கழித்துத் தரமாட்டார்கள். நாமே எடுத்து வைக்க வேண்டும். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டொலரைத் தாண்டினால் விற்பனை வரிக்கும் பதிய வேண்டும்.

பெற்றோரை அழைக்க விரும்புவோர், விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று வரி ஆண்டுகளுக்கும் குறிப்பிட்ட குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும். புதுத் தொழிலின் முதல் வருடத்தில் வரவு விழுந்தால், ஊரில் இருக்கும் தாயாரின் வருகையும் தள்ளிப் போகும். அந்த மனைவி கேட்டது இதைத்தான்.

தம்பியும் மனைவியும் மேசையில் இருந்து கணக்குப் பார்த்தார்கள். தாயாரின் அலுவல் முடியும்வரை தொழிற்சாலை வேலை தொடரும். படப்பிடிப்பில் வரும் காசு தனிக் கணக்கில் போகும். அதை மனைவி பார்ப்பார். ஆறு மாதச் செலவுக்குரிய பணம் அதில் சேர்ந்ததும் வேலையை விடும் கதையை மீண்டும் எடுப்பதென்று முடிவு.

"பொறுத்தார் பூமியாள்வார்" என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தோம். அம்மா விமான நிலையத்தில் வந்து இறங்கும் படத்தை மட்டும் காசு வாங்காமல் எடுக்கப்போகிறாராம்.