எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள்!



எனக்கு வயது 35. மூத்த பையன் பிறந்து பத்து வருடம் கழித்து, சென்ற ஆண்டு மறுபடியும் கர்ப்பமானேன். "வயசு முப்பத்தஞ்சு ஆயிடுச்சு, குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் வர வாய்ப்பு இருக்கான்னு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடலாம்" என்றார் டாக்டர். 'டபுள் மார்க்கர்' என்று அதற்குப் பெயர். ரத்தம் எடுத்த இடத்தில் கடைசியாக மாதவிலக்கான தேதியை மட்டும் கேட்டு, 13 வாரம் என்று எழுதிக் கொண்டார்கள்.

நாலாம் நாள் வந்த காகிதத்தில் 'ஹை ரிஸ்க், 110-க்கு 1' என்று இருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "நம்ம வம்சத்துல அப்படி யாருமே இல்லையேம்மா" என்று மாமியார் அழுதார். 'கலைத்து விடலாமா' என்றுகூட என் கணவர் யோசிக்க ஆரம்பித்து விட்டார். யாரும் எங்களுக்கு எதையும் விளக்கவில்லை.

மனசு கேட்காமல் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு மாசாமாசம் சரியா வருமாம்மா?" என்பதுதான். எனக்கு 45 நாளுக்கு ஒரு தடவைதான் வரும். ஸ்கேனில் குழந்தையை அளந்து பார்த்தால், ரத்தம் எடுத்த அன்று பத்தரை வாரம்தான் ஆகியிருந்தது!

அந்த ரத்தத்தில் பார்க்கும் இரண்டு பொருட்களில் ஒன்று வாரம் ஏற ஏறக் கூடும், மற்றது குறையும். வாரத்தைத் தப்பாகப் போட்டால் கணக்கே தப்பாகிவிடும். சரியான வாரம், என் எடை, அத்துடன் ஸ்கேனில் குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் அளவு எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டதில் '1,200-க்கு 1' என்று வந்தது.

டாக்டரம்மா சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. "110-க்கு 1 என்றாலும்கூட, அப்படி வந்த 110 பேரில் 109 பேருக்கு டவுன் சின்ட்ரோம் இல்லாத குழந்தைதான். இது சந்தேகத்தைச் சொல்லும் சோதனை, தீர்ப்பு இல்லை. பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தால் உறுதியாகத் தெரியும். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் இல்லை."

ரத்தச் சோதனை மட்டும் செய்தால் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கண்டுபிடிக்குமாம். 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேனும் சேர்ந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு வரை தெரியுமாம். அப்போதும் பத்து தப்பிவிடும். ஆகவே 'லோ ரிஸ்க்' என்று வந்தாலும் அது உத்தரவாதம் ஆகாது.

தோழிகளே, சோதனைக்குப் போனால் வாயைத் திறந்து கேளுங்கள். ஸ்கேன் பார்த்து வாரம் போட்டீர்களா? வயது, எடை சரியாக எழுதினீர்களா? முடிவு வந்தபின் யார் விளக்குவார்கள்? இவற்றுக்குப் பதில் சொல்லும் இடமே நல்ல இடம்.

இன்று என் மடியில் மூன்று மாதப் பெண் குழந்தை சிரிக்கிறாள். அந்தக் காகிதத்தை மட்டும் நம்பி முடிவெடுத்திருந்தால்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.