மணியோடு மலைக்குப் போறீங்களா?

டென்ட், டார்ச், பவர் பேங்க் எல்லாம் காரில் ஏற்றியாச்சு. வாலை ஆட்டிக்கொண்டு பின் சீட்டில் மணியும் ஏறியாச்சு. திண்டுக்கல்லில் இருந்து சுமார் 25 கிலோமீட்டரில் சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஜில்லென்ற காற்று. காட்டுக்குள் கூடாரம், விடிகாலையில் நாயோடு ஒரு நடை... நினைக்கவே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால், மணியை மலைக்குக் கூட்டிப்போங்கள். காட்டுக்குள் மட்டும் வேண்டாம்.

சிறுமலையில் காட்டு மாடுகள் உண்டு. மனிதர்களைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். நாய் குரைத்து விரட்டினால் கதையே வேறு. வளர்ந்த ஆண் காட்டு மாடு ஆயிரம் கிலோ வரைகூட இருக்கும். அது திரும்பி ஒரு முறை முறைத்தால் நம் வீர மணி என்ன செய்வான்? நேராக உங்களிடம்தான் ஓடி வருவான், மாட்டையும் பின்னாலேயே கூட்டிக்கொண்டு! கொடைக்கானல் மலைப் பக்கம் என்றால் சிறுத்தை பயம். ராத்திரி கூடாரத்துக்கு வெளியே கட்டிப்போட்ட நாய், சிறுத்தைக்கு நாமே வைக்கும் விருந்து.

நம்மால் காட்டுக்கு வரும் ஆபத்தும் இருக்கிறது. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ், 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்களையே பலி வாங்கியது. நம் காடுகளில் இருக்கும் செந்நாய், நரி எல்லாம் நாய்க்கு இன்னும் நெருங்கிய சொந்தம். அவற்றுக்கு யார் தடுப்பூசி போடுவது?

சட்டமும் இடம் கொடுக்காது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாகிவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நடக்கவோ, தங்கவோ, தீ மூட்டவோ கூடாது. கொடைக்கானல் மலைக்காடுகளின் பெரும்பகுதி 2013 முதல் வனவிலங்கு சரணாலயம்.

பிறகு எங்கே போவது? சிறுமலையில் பட்டா நிலங்களில் காபி, மிளகு, வாழைத் தோட்டங்கள் இருக்கின்றன. தங்கும் விடுதிகளும் உண்டு. நாய்க்கு அனுமதி உண்டா, வேலி இருக்கிறதா, அங்கே இருக்கும் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கூடாரத்தைத் தோட்டத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். மணி மட்டும் ராத்திரி கதவு உள்ள அறையில் தூங்கட்டும்.

நடையை விடிந்த பிறகு ஊர்ச் சாலையில், கயிறு கையில் இருக்க, வைத்துக்கொள்ளுங்கள். வரும் வழியில் அடிவாரத்தில் இறங்கி நடப்பதாக இருந்தால் வெயிலைக் கவனியுங்கள். திண்டுக்கல் வெயிலில் தார்ச்சாலை தோசைக்கல்தான். புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால், மணியின் பாதமும் தாங்காது. நமக்கு மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். எச்சில் ஒழுக, தள்ளாடி நடந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தப் பயணத்துக்கு நல்ல பருவம். மார்ச்சுக்கு மேல் வீட்டு மொட்டை மாடியே போதும்.

பாசத்தில் செய்யும் தப்பு சாப்பாட்டில்தான் நடக்கும். பிரியாணி எலும்பைப் போடாதீர்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். மசாலாவில் இருக்கும் வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். சின்னாளபட்டி, வெள்ளோடு பக்கம் வாங்கும் பன்னீர் திராட்சையும் வேண்டாம், சிறுநீரகத்தைப் பாதிக்கும். வழக்கமாகச் சாப்பிடும் தயிர்சாதமோ, பெடிகிரியோ, அதையே கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று வாரம்கூட ஆகலாம். அதற்குள் மணி சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மலைக்குப் போய் வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.